வாய்க்கால் தாண்டிய கழி

2023 அக்டோபர் 3ஆம் தேதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தேஜஸ்வின் சங்கர் டெக்கத்லான் போட்டியில் வெள்ளி வாங்கினார். 7666 புள்ளி, புதிய தேசியச் சாதனை. மறுநாள் பத்திரிகைகள் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருந்தன. என் கண் போய் நின்றது வேறோர் எண்ணில். கோலூன்றித் தாண்டுதல் 4.10 மீட்டர். அதற்குக் கிடைத்தது 645 புள்ளி. முந்தின நாள்தான் அதே மனிதர் உயரம் தாண்டுதலில் 2.21 மீட்டர் தாண்டி 1002 புள்ளி எடுத்திருந்தார். டெக்கத்லானில் பெயர் எடுத்தவர்கள் கோலை ஊன்றினால் 5 மீட்டர் சர்வசாதாரணம். 5 மீட்டருக்கு 910 புள்ளி. அந்த ஒரு கோலில் மட்டும் 265 புள்ளி கழிந்து போயிற்று. தங்கம் வாங்கிய சீனாவின் சுன் சீஹாவோ எடுத்தது 7816. இடைவெளி வெறும் 150.

காஞ்சிபுரம் பக்கத்து ஏனாத்தூர்க்காரனான எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். நாங்கள் கோலூன்றியே வளர்ந்தவர்கள்.

ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பிவிட்டால் மதகிலிருந்து கழனிக்கு இறங்கும் வாய்க்கால் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடும். அக்கரைக்குப் போக மதகுவரை சுற்ற வேண்டும். பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்த பிறகு யார் சுற்றுவது? பந்தல் போடுகிறவர் வீட்டுப் பின்பக்கம் மூங்கில் கழிகள் சாத்தியிருக்கும். அதில் ஒன்றை அவர் பார்க்காத நேரத்தில் உருவிக்கொண்டு வருவோம். பச்சை மூங்கில் கனக்கும், ஆனால் வளைந்து கொடுக்கும். காய்ந்தது லேசு, நடுவில் பிளந்துகொண்டு கையைக் கிழித்துவிடும். சவுக்குக் கழி ஆகவே ஆகாது. ஊன்றியதும் மரம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும், நாம் அதைக் கட்டிக்கொண்டு நடு வாய்க்காலில் தொங்க வேண்டியதுதான்.

பையைத் தலைவழியாக மாட்டி முதுகுக்குத் தள்ளிவிட்டு, கழியின் முக்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு ஓடி வருவோம். கரையை ஒட்டி ஊன்றினால் கழி செங்குத்தாக நின்று, வந்த பக்கமே தள்ளிவிடும். நடுவாய்க்காலில் ஊன்றினால் சேறு இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் உண்டு. அந்த இடத்தை யாரும் சொல்லித்தரவில்லை, கால்தான் கற்றுக்கொண்டது. கழி மேலே எழும்பும்போது காலைத் தூக்கி இடுப்பைத் திருப்பி அக்கரையைப் பார்க்க வேண்டும். கைவிடும்போது கழியைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். இக்கரையில் காத்திருக்கும் அடுத்தவன் பிடித்துக்கொள்வான். அந்தத் தள்ளலைச் செய்ய மறந்தவனுக்கு அடி விழும். பின்னாளில் டிவியில் பெரிய பெரிய வீரர்கள் குறுக்குக் கம்பியைத் தாண்டிய கையோடு கோலைப் பின்னால் தள்ளிவிடுவதைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் ஏனென்று புரியவில்லை.

எவ்வளவு தூரம் தாண்டினோம் என்று அளந்ததில்லை. அக்கரையா, தண்ணீரா, இரண்டே அளவு.

நெதர்லாந்தில் ஃப்ரீஸ்லாந்து என்ற பகுதியில் கால்வாயைக் கழியூன்றித் தாண்டுவதை இன்றும் பெரிய பந்தயமாக நடத்துகிறார்கள். வயலுக்கு வயல் போவதற்குத் தாண்டியதுதான் அங்கே விளையாட்டாகி, கூட்டம் சேர்ந்து, சங்கம் வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. நம் வாய்க்காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிமென்ட் பலகை போட்டார்கள், கழி பந்தல்காரர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தார். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைத் தயார் செய்தவரும் அதே பக்தான். இந்த விவரத்தை எங்கள் மாஸ்டர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். பக் என்னவோ அவருடைய தாய்மாமன் போலத்தான் எங்களுக்குத் தோன்றும்.

அவரிடம் இருந்த சாமான்கள் ஒரு கோணிப்பைக்குள் அடங்கிவிடும். துருப்பிடித்த இரும்புக் குண்டு. ஓரம் சிதைந்த மர வட்டு. இரும்பு முனை போட்ட மூங்கில் ஈட்டி. அளவு டேப், அதிலும் முதல் சில அங்குலம் அறுந்து போயிருந்ததால் ஒவ்வோர் அளவிலும் கழித்துக்கொள்ள வேண்டும். உயரம் தாண்ட இரண்டு கம்பம், குறுக்கே மூங்கில் குச்சி, விழுவதற்கு வைக்கோல். ஓடுகிற தடம் சுண்ணாம்புக் கோடுதான், மழை பெய்தால் மறுபடி போட வேண்டும். சித்திரையில் ஏரி வற்றியதும் எல்லாவற்றையும் ஏரிக்குள் கொண்டுபோய்விடுவார். வெடித்து, பின் கால் பட்டுப் பட்டு மாவான அந்த வண்டல் மண்ணில் வெறுங்காலோடு ஓடினால் கிடைக்கும் சுகத்தைப் பின்னால் எந்த சிந்தெடிக் டிராக்கிலும் நான் கண்டதில்லை. சரியாகச் சொன்னால், சிந்தெடிக்கில் நான் ஓடியதே ஒரு வேடிக்கைக்குத்தான்.

கோலூன்றித் தாண்டுதல் மட்டும் அந்தக் கோணிப்பையில் கிடையாது. கோலை ஊன்றும் பெட்டி, விழுகிற மெத்தை, உயரக் கம்பம், இதெல்லாம் ஒரு கிராமத்துப் பள்ளி வாங்கக்கூடிய விலையா? மாஸ்டருக்கு வாய்க்கால் விஷயம் தெரியும். பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார்.

குறுவட்டப் போட்டிகளுக்கு உத்திரமேரூர்ப் பக்கம் போவோம். உத்திரமேரூர் என்றால் வெளியூர்க்காரர்கள் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். எங்களுக்கு அது மணல்குழியும் பஜ்ஜிக் கடையும் உள்ள ஊர். வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குள் ஒதுங்கியது மழைக்காகத்தான். அப்போது காஞ்சிபுரம் மாவட்டமே இல்லை. 1997இல்தான் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. ஆகவே குறுவட்டத்தில் ஜெயித்தால் அடுத்தது செங்கல்பட்டு. ஜெயிக்காதவர்களுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம்.

முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. இந்தக் கணக்கில் அதிகம் சேர்த்தவனுக்குத் தனிநபர் சாம்பியன் கோப்பை. ஒருவன் மூன்று போட்டியில்தான் இறங்கலாம், ரிலே தனி. அங்கேதான் எனக்கு அடி. மாஸ்டர் என்னைப் பற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“டேய், நீ எதுலயும் பர்ஸ்ட் வரமாட்டே. ஆனா எதுல விட்டாலும் மூணாவது வந்துடுவே. உன்னை இன்னாடா பண்றது?”

திட்டா பாராட்டா என்று வெகுநாள் விளங்கவில்லை. நூறு மீட்டரில் மூன்றாவது. நீளம் தாண்டுதலில் மூன்றாவது. குண்டில் மூன்றாவது. ஓர் ஆண்டு ஆளில்லாமல் 1500க்கு என்னைத் தள்ளிவிட்டார், அதிலும் மூன்றாவது. என்னைப் போன்ற உடம்புகளுக்கென்றே உலகத்தில் ஒரு போட்டி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கள் குறுவட்டத்தில் அது இல்லை என்பதும் தெரியும்.

டெக்கத்லான் என்றால் இரண்டு நாளில் பத்துப் போட்டி. முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு, உயரம் தாண்டுதல், 400 மீட்டர். இரண்டாம் நாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு, கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி, கடைசியில் உயிர் போகிற 1500. யார் முதலில் வந்தார் என்று இங்கே கேட்பதில்லை. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் இத்தனை புள்ளி என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓடுகிறவன் எப்படி ஓடினால் என்ன, அட்டவணைக்கு நீ காட்டும் கணக்குத்தான் உன் கணக்கு.

இதன் விசித்திரத்துக்கு 1960 ரோம் ஒலிம்பிக்கைச் சொல்ல வேண்டும். தைவானின் யாங் சுவான் குவாங்கும் அமெரிக்காவின் ரேஃபர் ஜான்சனும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பயிற்சி எடுத்த நண்பர்கள். பத்தில் ஏழு போட்டிகளில் யாங்தான் ஜான்சனை முந்தினார். தங்கம் ஜான்சனுக்குப் போயிற்று, 58 புள்ளி வித்தியாசத்தில். எறிகிற மூன்றிலும் ஜான்சன் அள்ளிக்கொண்டு போனது யாங் ஏழு ஓட்டத் தாண்டலில் சேர்த்ததைவிட அதிகம். மூன்றாண்டு கழித்து, 1963இல், புதிதாக வந்த ஃபைபர் கோலை ஊன்றி யாங் தாண்டிய உயரம் அன்றைய அட்டவணையின் கடைசி எண்ணையும் தாண்டிவிட்டது. மொத்தம் 9121, ஒன்பதாயிரத்தைக் கடந்த முதல் மனிதர். அடுத்த ஆண்டே அட்டவணையை மாற்றினார்கள். புதுக் கணக்கில் யாங்குக்குத்தான் பெரிய சேதாரம். டோக்கியோவில் ஐந்தாவதாக வந்தார். ஆசியாவிலிருந்து ஒருவன் கோலில் கைதேர்ந்தால் அட்டவணையே தாங்காது என்று இதற்கு நான் அர்த்தம் செய்துகொள்கிறேன். சரித்திரக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பரம்பரை உண்டு, இடையிடையே அறுந்த பரம்பரை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் குர்பச்சன் சிங் ரந்தாவா டெக்கத்லான் தங்கம் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஐந்தாவது. 1974 டெஹ்ரானில் விஜய் சிங் சௌஹான் 7378 புள்ளியோடு தங்கம், கொல்லத்துக்காரர் சுரேஷ் பாபு வெண்கலம். அதன் பிறகு ஆசிய விளையாட்டு டெக்கத்லானில் ஒரு மெடலுக்கு நாம் 49 வருஷம் காத்திருந்தோம். அந்த மெடலைத்தான் டெல்லியில் வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஹாங்சோவில் வாங்கினார்.

தேஜஸ்வின் முதலில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவர். பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான் அவரை உயரம் தாண்டும் பக்கம் திருப்பினார். இந்த நாட்டில் எந்தத் தடகள வீரரின் கதையைத் தோண்டினாலும் அடியில் ஒரு பி.டி. மாஸ்டர் விசிலோடு உட்கார்ந்திருக்கிறார், சம்பளப் பட்டியலில் கடைசி வரியில். 2014இல் தேஜஸ்வினின் அப்பா புற்றுநோயில் போய்விட்டார். மறுவருஷம் சமோவாவில் நடந்த காமன்வெல்த் இளையோர் விளையாட்டில் பையன் தங்கம் வாங்கினான். 2016 நவம்பரில் நம் கோயம்புத்தூரில், ஜூனியர் போட்டியில், 2.26 மீட்டர் தாண்டி 2004 முதல் நின்றிருந்த 2.25 மீட்டர் தேசியச் சாதனையை முறித்தான். சீனியர்கள் பன்னிரண்டு வருஷம் தொட முடியாததைப் பள்ளிப் பையன் ஒருவன் தொட்டான். கோயம்புத்தூரில் நடந்ததையும் எங்கள் பக்கத்துப் பேப்பர்கள் உள்பக்கத்தில்தான் போட்டன.

பிறகு உதவித்தொகையில் அமெரிக்கா, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். 2018இல் 2.29 மீட்டர். அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன் பட்டம் இரண்டு முறை. 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கான அணியில் பெயர் இல்லை. சென்னையில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டிக்கு வரவில்லை என்பது காரணம். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசி நேரத்தில் இடம் கிடைத்து, போட்டிக்குச் சற்று முன்னால் போய் இறங்கி, 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம். காமன்வெல்த் போட்டியில் உயரம் தாண்டுதலில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் மெடல் அது.

அங்கேயே நின்றிருக்கலாம். ஒரு போட்டியில் நாட்டிலேயே முதல் ஆள். எல்லாம் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு, தெரியாத ஒன்பதுக்கு ஒருவர் போகிறார் என்றால் அதற்கு ஒரு கிறுக்கு வேண்டும். 2023 ஜூலையில் பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில் டெக்கத்லான் வெண்கலம். அக்டோபரில் ஹாங்சோ. 2011இல் பரதிந்தர் சிங் வைத்த 7658 என்ற சாதனையை எட்டே புள்ளியில் தாண்டினார். 2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில், ஆசியத் தடகளப் போட்டியில், மறுபடி வெள்ளி: சீனாவின் ஃபெய் சியாங் 7634, இவர் 7618. பதினாறு புள்ளி என்றால் கடைசி 1500 மீட்டரில் மூன்று வினாடிகூட இல்லை. அதே வருஷம் போலந்தில் 7826 எடுத்துத் தன் சாதனையைத் தானே முறித்தார். ஹாங்சோவில் இதை எடுத்திருந்தால் தங்கம்.

பத்துப் போட்டி, ஒரே மெடல். வீட்டில் பெரியவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். ஒன்றை மட்டும் பழகினால் ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நுழைய வழி உண்டு. பத்தையும் பழகுகிறவனுக்குப் பத்து மடங்கு சாப்பாடு வேண்டும், பத்து விதக் காயம் வரும், பிழைப்புக்கு மிஞ்சுவது ஒரு சர்டிபிகேட். கணக்குப் பார்க்கிற வீட்டில் பிறந்த எவரும் டெக்கத்லானுக்கு வரமாட்டார்கள். எங்கள் பக்கம் எல்லா வீடும் கணக்குப் பார்க்கிற வீடுதான். அறுவடைக்கும் தறிக்கும் ஆள் வேண்டும்.

என்னைவிட இதில் அதிகம் இழந்தது என் பெரியப்பா மகள். எனக்கு அக்கா முறை. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலைக் கழியூன்றித் தாண்டிய ஒரே பெண். எங்களில் பாதிப் பேரைவிட அழகாகத் தாண்டுவாள், கழியையும் மறக்காமல் தள்ளிவிடுவாள். ஓட்டம், தாண்டல், எறிதல், எதில் விட்டாலும் அவள் மூன்றாவது இல்லை, முதல். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு ஐந்து போட்டி என்றிருந்ததை ஏழாக்கி ஹெப்டத்லான் கொண்டுவந்தார்கள். நூறில் ஒரு வினாடியில் பி.டி. உஷா வெண்கலத்தை விட்டது அதே ஒலிம்பிக்கில். ஊரெல்லாம் உஷாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எங்கள் மாஸ்டர் மட்டும் ஹெப்டத்லான், ஹெப்டத்லான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கிருந்தோ புள்ளி அட்டவணையைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். வகுப்பு பெஞ்சுகளின் மேல் மூங்கில் குச்சி வைத்துத் தடை ஓட்டம் ஏற்பாடு செய்தார். வற்றிய ஏரியில் அக்காவை ஏழும் செய்யவைத்து, சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் கூட்டினார். என்ன தொகை வந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணு படிப்பை நிறுத்தாதீங்க. சென்னையில ஹாஸ்டல் இருக்குது. நான் பேசறேன்.”

பெரியப்பா மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பினார். அடுத்த தையில் கல்யாணம்.

2018 ஜகார்த்தாவில் ஸ்வப்னா பர்மன் ஹெப்டத்லான் தங்கம் வாங்கியதை அக்கா வீட்டில்தான் பார்த்தேன். ஜல்பைகுரிப் பெண். அப்பா ரிக்‌ஷா இழுத்தவர், அம்மா தேயிலைத் தோட்டத்தில் கூலி. இரண்டு காலிலும் ஆறாறு விரல், அதற்குப் பொருந்தும் ஷூ கிடைக்காமல் வலியோடு பழகியவர். அன்று கன்னத்தில் பெரிய ப்ளாஸ்திரி வேறு. 6026 புள்ளி, ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியா வாங்கிய முதல் தங்கம்.

“கன்னத்துல இன்னாடா ஒட்டிக்கினு இருக்கா?”

“பல்லு வலியாம்க்கா.”

அக்கா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குப் பல்லு வலிகூட இல்லியேடா” என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

தார்வாடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஜே.ஜே. ஷோபா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கணுக்கால் காயத்தோடு கட்டுப் போட்டுக்கொண்டு கடைசி 800 மீட்டரை ஓடி, 6172 புள்ளியோடு 11ஆவதாக வந்தார். அதே ஆண்டில் அவர் எடுத்த 6211 தேசியச் சாதனை. அவருடைய ஊரும் வானம் பார்த்த பூமிதான். அங்கே யாரோ ஒரு வீட்டில் மோர் கொடுத்து அனுப்பாமல் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோல் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோல் வராது என்று யாரும் சொல்ல முடியாது. 2014இல் சுரேகா 4.15 மீட்டர் தாண்டிப் பெண்களுக்கான தேசியச் சாதனை வைத்தார். 2022 குஜராத் தேசிய விளையாட்டில் ரோஸி மீனா பால்ராஜ் அதை 4.20 ஆக்கினார். அதே போட்டியில் ஆண்களில் சிவா சுப்பிரமணி 5.31 மீட்டர் தாண்டி தேசியச் சாதனை. மூவரும் தமிழ்நாடு. இந்தியாவின் கோலூன்றும் வித்தை வெகுகாலம் நம் பக்கம்தான் இருந்தது. இந்தக் கையையும் தேஜஸ்வினின் காலையும் ஓர் உடம்பில் வைத்துப் பாருங்கள். அப்படி ஓர் உடம்பு குறுவட்டத்தில் எங்கோ நூறு மீட்டரில் மூன்றாவதாக வந்து, ஒரு புள்ளி வாங்கிக்கொண்டு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாப் மத்தையஸ் டெக்கத்லான் தங்கம் வாங்கியபோது வயது 17. கலிஃபோர்னியாவில் டுலாரே என்ற விவசாய ஊர். சில மாதம் முன்புதான் பள்ளிப் பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு டெக்கத்லானில் இறங்கியிருந்தார். அந்த ஊரிலிருந்து முளைத்தது ஏனாத்தூரிலிருந்து முளைக்காதா என்று நான் கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்போது ஏனாத்தூர் என்றால் எல்லோரும் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறார்கள். காஞ்சி மடம் தொடங்கி 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது அது. கல்லூரி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. படிப்பு வந்தது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் படித்துத்தான் ஊரைவிட்டு வந்தேன். சென்னையில் என் அடுக்ககத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஏழு வயதில் ஒருவன் ஷட்டில் மட்டும், ஒருத்தி நீச்சல் மட்டும், இன்னொருவன் கிரிக்கெட்டில் அதுவும் ஸ்பின் மட்டும். கோச் சொன்னாராம், மற்றதெல்லாம் விளையாடினால் ‘ஃபோகஸ்’ கெட்டுவிடுமாம். ஒரு மரமேறத் தெரியாது, ஒரு கல்லைத் தூரமாக எறியத் தெரியாது. எறிந்தால் ஜன்னல் கண்ணாடி உடையும், அதனால் எறியவும் விடுவதில்லை. தாண்ட வாய்க்காலும் இல்லை.

நான் ஏங்குவது மெடலுக்காக இல்லை. மெடல் எனக்கு எந்தக் காலத்திலும் வந்திருக்காது. காலையில் வாய்க்கால், மத்தியானம் குண்டு, சாயங்காலம் கபடி, இருட்டினால் ஏரிக்கரைமேல் வீடுவரை ஓட்டம் என்று ஒரு நாளில் எல்லாவற்றையும் செய்த அந்த உடம்புக்காகத்தான். எதில் கெட்டிக்காரன் என்று யாரும் கேட்காத வயது அது. இப்போது டாக்டர் சொல்லி நடக்கிறேன், வாட்ச் அடிகளை எண்ணுகிறது. எறிவதில்லை, தாண்டுவதில்லை.

ஊரில் சில பேரிடம் இதைப் பேசினேன். கோலும் மெத்தையும் ஊருக்கு ஊர் வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். கோலை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றவே ஆயிரம் சண்டை போட வேண்டும். ஆனால் கோல் கடைசியில் வரட்டுமே. தேசிய அளவில் மாவட்டங்களுக்கிடையே நடக்கும் ஜூனியர் தடகளப் போட்டியில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று போட்டிகளைச் சேர்த்த ட்ரையத்லான் ஏற்கெனவே இருக்கிறது. ஓடி, தாண்டி, எறிந்து வரும் புள்ளியைக் கூட்டுகிறார்கள். அங்கே நடப்பதைக் குறுவட்டத்தில் நடத்த என்ன தடை?

உத்திரமேரூர், வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குறுவட்டப் போட்டிகள் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு, உயரம் தாண்டுதல், 800 மீட்டர், இந்த ஐந்து போதும். டேப்பும் ஸ்டாப்வாட்ச்சும் உங்களிடம் இருக்கின்றன. புள்ளி அட்டவணையை இப்போது யாரும் கையால் எழுத வேண்டியதில்லை, போனிலேயே கிடைக்கிறது. முதலாவது வருகிற பிள்ளைகளை எப்படியும் நீங்கள் கவனிப்பீர்கள். எல்லாவற்றிலும் மூன்றாவது வருகிற பிள்ளையின் பெயரை அன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது பெண் பிள்ளையாக இருந்தால், அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள். மோர் கொடுத்தால் குடித்துவிட்டு, மறுநாளும் போங்கள்.